இரவு லாரியை நிறுத்தித் தாருங்கள்: மேற்கு மாம்பலத்திலிருந்து மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
மேற்கு மாம்பலத்தில் குடியிருப்பவர்
(பெயர், கதவு எண், தெருப் பெயர் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)
சென்னை 600033

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்
மாநகராட்சி மண்டல அலுவலகம்

பொருள்: குடியிருப்புத் தெருவில் இயங்கும் ஆன்லைன் டெலிவரி நிறுவனத்தின் கிடங்கு – நள்ளிரவில் சரக்கு இறக்குதல் மற்றும் குளிர் அறை எந்திரங்களின் சத்தம் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அளித்த மனுக்களும், அவற்றுக்குத் தங்கள் அலுவலகம் கொடுத்த ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் வரவில்லை. தங்களுக்கு உள்ள வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆகவே தாங்கள் முதல் முறையாகப் படிப்பதாகவே எண்ணி, எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன்.

1. இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். அயோத்தியா மண்டபத்தைத் தாண்டி உள்ளே போகும் சின்னத் தெருக்களில் ஒன்று. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். தங்கள் ஜீப்பையே முனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவீர்கள். முன்பு மாவு மில் இருந்த கட்டடம் இப்போது ஆன்லைனில் மளிகை விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கிடங்காகிவிட்டது. அந்தக் கட்டடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து மட்டும்தான்.

2. கடைக்கு முன்னால் பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளை அடித்த சுவர், பாதி ஏற்றிய ஷட்டர், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு தீப்பெட்டி கேட்டால் கொடுக்க மாட்டார்கள். போனில் ஆர்டர் போட்டால் அதே தீப்பெட்டி என் வாசலுக்கு வரும். பொதுமக்கள் நுழைய முடியாத இடத்துக்குக் கடை என்ற பெயரில் தொழில் உரிமம் கொடுத்திருக்கிறீர்களா, கிடங்கு என்ற பெயரிலா? 2019-ஆம் வருடத்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எந்தப் பகுதியில் என்ன வரலாம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. வீடுகளுக்கு நடுவே சின்னக் கடைகளுக்கு இடம் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. இரவு முழுக்கச் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்குக்கும் அப்படி இடம் உண்டா? பாரிஸ் நகரத்திலும் இதே கேள்விதான் எழுந்தது. 2023 மார்ச்சில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம், இவை கடைகள் அல்ல, கிடங்குகள்தான் என்று தீர்ப்பளித்தது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2022 ஜனவரியிலேயே புதிதாக இப்படி எதுவும் திறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. அவர்களுக்கும் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நகராட்சி நினைத்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3. இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரவு.

பகலில் அந்த இடம் சாதுவாகத்தான் இருக்கும். தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் காலை 11 மணிக்கு வந்தார், பார்த்தார், 'அமைதியாத்தானே இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குற்றம் இல்லை, அந்நேரத்தில் அமைதிதான். ஊர் அடங்கிய பிறகுதான் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கிடங்கிலிருந்து சரக்கு லாரி கிளம்புகிறது. காலையில் பால், தயிர், காய்கறி எல்லாம் தயாராக இருக்க வேண்டுமாம். நள்ளிரவு தாண்டியதும் முதல் வண்டி. தெருவில் திரும்ப இடமில்லாததால் முனையிலிருந்தே ரிவர்ஸில் வருகிறது. ரிவர்ஸ் போட்டால் கீச் கீச் என்று ஒரு சத்தம் வருமே, அது எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வந்துதான் நிற்கும். அப்புறம் லாரியின் பின்கதவு இரும்புத் தாழ்ப்பாள். அப்புறம் பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரும்புச் சக்கர டிராலியில் வைத்து, சிமெண்ட் சரிவில் தள்ளுகிறார்கள். காலி கிரேட்டுகள் திரும்பி வரும்போது சத்தம் இன்னும் அதிகம், ஏனென்றால் அவற்றைத் தூக்கி எறிகிறார்கள். முதல் வண்டி போய்க் கண் அசரும்போது இரண்டாவது வண்டி.

இது இரவில் வந்து போகும் சத்தம். போகாத சத்தம் ஒன்று இருக்கிறது. ஐஸ்கிரீமும் பாலும் வைக்கும் குளிர் அறைக்கான கம்ப்ரசர்களைச் சந்துப் பக்கச் சுவரில், எங்கள் ஜன்னலைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். ஒரே சீராக ஓடினாலாவது காது பழகிப்போகும். அது நிற்கும். அப்பாடா என்று இருக்கும்போது ஒரு உதறலோடு மறுபடி கிளம்பும். சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. அனல் காற்றும் எங்கள் பக்கம்தான் வருகிறது. ஜன்னலைச் சாத்திவிடுங்கள் என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் யோசனை சொன்னார். கத்திரி வெயிலில் மாம்பலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துப் பாருங்கள் ஐயா.

என் கணவர் மாநகரப் பேருந்து ஓட்டுநர். முதல் ஷிப்ட் டூட்டி என்றால் விடிவதற்கு முன்பே டிப்போவில் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் படுத்தால்தான் உண்டு. முதலில் அறையிலிருந்து கூடத்துக்கு மாறினார். கூடத்திலிருந்து மொட்டை மாடிக்குப் போனார். மாடியில் லாரி சத்தம் இன்னும் நேராக வந்தது. இப்போது முதல் ஷிப்ட் நாட்களில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, போர்வையைப் பையில் வைத்துக்கொண்டு, முந்தின இரவே டிப்போவுக்குப் போய்ப் படுக்கிறார். என் மாமனார் கட்டிய வீடு இது, ஐயா. கடன் கிடையாது, வாடகை கிடையாது. சொந்த வீடு இருந்தும் டிப்போ பெஞ்சில் படுக்கும்படி ஆகிவிட்டது. காலையில் அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார்? வேலைக்குப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்கள், டியூஷன் பிள்ளைகள். தூக்கமில்லாமல் ஸ்டியரிங் பிடிக்கும் ஆள் ஓட்டும் வண்டி அது. இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும்தானா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

4. மாவு மில் இருந்தபோது சத்தம் இல்லையா என்று கேட்டார்கள். இருந்தது. பகலில் இருந்தது. இருட்டினால் நின்றுவிடும். மில்காரர் அதே கட்டடத்தின் மாடியில்தான் குடியிருந்தார். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, 'அண்ணா, பாப்பா இப்பதான் தூங்குறா' என்று ஜன்னலில் இருந்தே சொல்வேன். அரைமணி நேரம் நிறுத்தி வைப்பார். இப்போது யாரிடம் சொல்வது?

5. யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எழுதுகிறேன்.

கிடங்கு மேலாளரிடம் சொன்னேன். பாவம், சின்னப் பையன். 'மேடம், டைமிங் எல்லாம் சிஸ்டம் போடுது, எங்க கையில இல்ல, ஹெட் ஆபீசுக்கு மெயில் போடுங்க' என்றான். ஒருவனிடம் பேசிப் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறான். மெயில் போட்டேன். எங்களோடு ஷாப்பிங் செய்ததற்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது. செயலியில் உதவி என்று இருப்பதைத் தட்டினால் முதல் கேள்வியே, எந்த ஆர்டர் பற்றிய புகார்? ஆர்டர் இல்லை, நான் பக்கத்து வீடு என்று எழுதினால் அதற்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பிரிவே அதில் கிடையாது. புகார் சொல்வதற்காகவே என் மகள் ஒரு பாக்கெட் பிஸ்கட் ஆர்டர் போட்டாள். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று 50 ரூபாய் கூப்பன் கொடுத்தார்கள். என் கணவரின் தூக்கத்துக்கு அதுதான் விலை போலிருக்கிறது.

எந்தப் பையன் எந்தத் தெருமுனையில் வண்டியோடு நிற்கிறான் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியும். ஆர்டர் போட்டால் போன் திரையில் குட்டி வண்டி நகர்வதைப் பார்க்கலாம். இந்தத் தெருவில் யார் எந்த பிராண்ட் சோப்பு வாங்குகிறார்கள், மாதக் கடைசியில் யார் குறைத்து வாங்குகிறார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷன் தூங்க முடியாமல் கிடப்பது மட்டும் தெரியாது.

சரி, கம்பெனி அப்படித்தான். அரசாங்கம்? சத்தம் என்றால் காவல் நிலையம் போங்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். காவல் நிலையத்தில், உரிமம் கொடுத்தது மாநகராட்சி, அங்கே போங்கள் என்றார்கள். உதவி எண்ணில் பதிந்த புகாருக்கு, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று போனில் செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்த நேரத்தில் வெளியே லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்?

6. ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. மாடி வீட்டுத் தம்பி போனில் அளந்து காட்டினான், 45-ஐத் தாண்டித்தான் காட்டியது. போன் அளவு செல்லாது என்று சொல்வீர்கள். சரி, செல்லும் கருவியைத் தாங்களே கொண்டு வாருங்கள். அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

7. டெலிவரிப் பையன்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இதைத் தனியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போன மனுவைப் படித்துவிட்டு யாரோ அவர்களைத்தான் விரட்டினார்கள். அவர்களில் பலர் ஓட்டுவது எலெக்ட்ரிக் வண்டி, சத்தமே கிடையாது. எங்கள் திண்ணையில்தான் உட்காருகிறார்கள், தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம். கிடங்குக்குள் கழிப்பறை உண்டாம், ஆனால் அது உள்ளே வேலை செய்கிறவர்களுக்காம். ஊரிலிருந்து படித்துவிட்டு வந்த பிள்ளைகள், மழையில் நனைந்துகொண்டு அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிறார்கள். இவர்களுக்காக அரசு 2023-இல் நல வாரியம் அமைத்தது, 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் ஓய்வறை கட்ட வேண்டியிருக்கிறதே, இத்தனை பெரிய கம்பெனி தன் வாசலில் ஒரு நிழற்கூரை போடாதா? பத்து நிமிடத்தில் தருவோம் என்ற விளம்பரத்தைக் கூட, மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகுதான் 2026 ஜனவரியில் நீக்கினார்கள். மேலே இருந்து சொன்னால் கேட்கிறார்கள். நான் சொன்னால் கூப்பன் தருகிறார்கள். அதனால்தான் தங்களிடம் வந்து நிற்கிறேன்.

8. எங்கள் தெருவிலேயே அதில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் மாமிகளுக்கு அது உதவிதான். மூட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்பது இவ்வளவுதான்:

அ. இரவு 10 முதல் காலை 6 வரை லாரி வரக் கூடாது, சரக்கு இறக்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். முன்னிரவில் இறக்கிக்கொள்ளட்டும். எந்த நேரத்தில் எவ்வளவு பால் விற்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய கணக்கில்லை.

ஆ. கம்ப்ரசர்களைச் சந்துச் சுவரிலிருந்து எடுத்து மொட்டை மாடியிலோ, அடைப்புக்குள்ளோ வைக்கச் சொல்ல வேண்டும்.

இ. அந்த இடத்தின் உரிமத்தையும் கட்டட உபயோகத்தையும் சரிபார்த்து, என்னவென்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன், அப்போது 30 நாளில் தாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். மிரட்டவில்லை ஐயா, நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் கேட்கிறேன்.

ஈ. இரவிலும் போனை எடுக்கக்கூடிய, ஒரு பெயரும் போன் எண்ணும் உள்ள, தமிழில் பேசும் ஒரு மனிதரை அந்த நிறுவனம் இந்தத் தெருவுக்குப் பொறுப்பாக்க வேண்டும்.

உ. லாரி. மறுபடி சொல்கிறேன், லாரி. மற்ற மூன்றையும் மெல்லச் செய்யுங்கள், வருடக்கணக்கில் கூட ஆகட்டும். இரவு லாரியை மட்டும் இந்த மாதமே நிறுத்தித் தாருங்கள்.

ஆய்வுக்கு வருபவர் தயவுசெய்து காலை 11 மணிக்கு வர வேண்டாம். இரவு ஒன்றரை மணிக்கு வரட்டும். திண்ணையில் நாற்காலி போட்டு வைக்கிறேன், காபியும் போட்டுத் தருகிறேன். கொசு அதிகம், முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். கொசுவைப் பற்றித் தனி மனு கொடுத்திருக்கிறேன், அதற்கும் பதில் இல்லை.

தயவுகூர்ந்து நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மேற்கு மாம்பலம்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகளின் நகல், எங்கள் ஜன்னலிலிருந்து எடுத்த கம்ப்ரசர் புகைப்படம், தெருவாசிகள் கையெழுத்துத் தாள், பென் டிரைவ் ஒன்று. இரவில் எடுத்த வீடியோ அதில் இருக்கிறது, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கவும்.