கேம்ஷாஃப்ட் பெரிதாக இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இதழில் ஹாட் ராடு (வேகத்துக்காக இன்ஜினை மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டுரை படித்தேன், படங்கள் அருமை. ஆனால் எடை குறைந்த காருக்குப் பெரிய கேமும் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்) பெரிய கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) மாட்டினால் பறக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி இங்குள்ள பையன்கள் காசைக் கொட்டிவிடுவார்கள். தெருவிலும் ஓடி 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் பந்தயத்திலும் ஓட வேண்டுமானால் முதலில் வண்டியின் எடையையும் பின் அச்சின் கியர் விகிதத்தையும் பார்க்க வேண்டும், கேம் அப்புறம்தான். 5.7 லிட்டர் செவ்ரோலே வி8-க்கே மிதமான கேமோடு 650 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கார்புரேட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் குறைந்த வேகத்தில் பெட்ரோல் சரியாகக் கலக்காமல் வண்டி இருமும். கேம் ரொம்பப் பெரிதானால் ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மெதுவாக ஓடும்போது) இன்ஜினின் உறிஞ்சும் வேக்கம் விழுந்து, அந்த வேக்கத்தால் இயங்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பிறகு களிமண்ணை அறுத்துப் பாருங்கள், இன்டேக் (காற்று உள்ளே வரும் வால்வு) பக்கம் 2 மில்லிமீட்டராவது கனம் நிற்க வேண்டும், எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் வால்வு) இன்னும் கொஞ்சம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

படத்தில் உள்ளதுபோல ஃபில்டர் இல்லாத திறந்த கார்புரேட்டர் எங்கள் கடலோர மண்டபம் ஊர்ப் பக்கம் ஆகவே ஆகாது, உப்புக்காற்றோடு மணலையும் இழுத்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். அடுத்த வாரம் கிளட்ச் பற்றி எழுதுங்கள்.

வாசகர், உச்சிப்புளி