நேபாளம் போகும் வாலிபர்களுக்காக ஒரு கடிதம்

கொடைக்கானல்,
ஜூன் மாதம்.

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே சீசன் கூட்டம் ஒருவழியாகக் கீழே இறங்கிவிட்டது. இ-பாஸ் வந்தும் மே முழுக்க ஏரிச்சாலையில் கால் வைக்க இடமில்லை. பிளம்ஸ் காய்ப்பு பரவாயில்லை. என் முழங்கால்தான் மழை ஆரம்பித்ததும் மக்கர் பண்ணுகிறது.

சபை வாலிபர்களை ஆகஸ்டில் நேபாளம் கூட்டிப்போகிறாய் என்றதும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கமிட்டியில் ஒரு பெரியவர், "கர்த்தர் காப்பார் என்கிற தொண்ணூற்றோராம் சங்கீதம் இருக்க இன்சூரன்ஸ் எதற்கு?" என்று கேட்டாராமே! தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன சோதனைக்காரனும் அந்தச் சங்கீதத்தைத்தான் எடுத்துவிட்டான் என்று அவருக்கு ஞாபகப்படுத்து. எங்கள் ஊர் பிறந்த கதையையும் சொல். மதுரை அமெரிக்க மிஷனெரிமார் காய்ச்சலிலும் காலராவிலும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள், காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிறகுதான் 1845இல் இங்கே ஏறிவந்து இரண்டு பங்களா கட்டினார்கள். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வது?

முதலில் மாதத்தை மாற்று. ஆகஸ்ட் அங்கே நல்ல மழைக்காலம். 2024 ஜூலையில் விடியுமுன் மண் சரிந்து, இரண்டு பஸ்கள் பயணிகளோடு திரிசூலி ஆற்றுக்குள் போயின. பெரும்பாலானோர் மீளவே இல்லை. அக்டோபர், நவம்பர் என்றால் வானமும் தெளிவாக இருக்கும். எந்த மாதம் போனாலும் ராத்திரிப் பயணம் கூடாது. குன்னூர்ப் பாதையின் பர்லியார் வளைவுகளில் வளர்ந்த உனக்கு மலைப்பாதை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர் டிரைவரிடம் "நிறுத்துப்பா, காலையில் போகலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை மட்டும் இங்கேயே முடிவு செய்துகொள்.

என்னை ரொம்ப உறுத்துவது போட்டோ விஷயம். மதம் மாற்றுவதை அந்த நாட்டுத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. ஐந்து வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுக்காரன் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நம் பிள்ளைகள் ஒரு ஜெபக்கூட்டத்தை செல்போனில் எடுத்து, யார் யார் கர்த்தரை ஏற்றுக்கொண்டார்கள் என்று பேரோடு சபை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அங்கிருந்து அது ஃபேஸ்புக்குக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? நாம் ஊர் திரும்பி சபை அசன விருந்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். போலீஸ் விசாரணை வந்தால் ஸ்டேஷனில் உட்காரப்போவது அந்தப் படத்தில் சிரிக்கிற நேபாளத்துத் தங்கச்சி. முகம் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம், குழந்தைகள் படம் அறவே கூடாது. அங்குள்ள போதகர் எதைச் செய்யச் சொல்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். அவர் பேசாதே என்றால் பேசக்கூடாது. சிலுவைப்போர் வீரன் மாதிரி துள்ளுகிற பையன் எவனாவது இருந்தால் இந்தத் தடவை அவனை விட்டுவிட்டுப் போ.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். விசா வேண்டாம் என்றாலும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். வாலிபர்களுக்கு ஆதார் அங்கே செல்லாது. டைபாய்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேள். வெறிநாய்க்கடி ஊசிக்குப் பேர்போன பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிற குன்னூர்க்காரனுக்கு நாய்க்கடி பற்றி நான் பாடம் எடுக்கமாட்டேன். நாமும் மலைக்காரர்கள்தானே என்ற மிதப்பு மட்டும் வேண்டாம். கொடைக்கானலே 2,100 மீட்டர்தான். 2,500க்கு மேலே போய்த் தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது, குறையாவிட்டால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

கைக்காசும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். 2025 செப்டம்பரில் கலவரம் மூண்டு காத்மாண்டு விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் அதிகம் தங்க நேர்ந்தாலும் சமாளிக்க வேண்டும். அவசரமாக ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவு இன்சூரன்ஸில் அடங்குமா என்று வாய்வார்த்தையாகக் கேட்காதே, பாலிசியை வாங்கி நீயே படி.

பெண் பிள்ளைகளின் பெற்றோரை ஒருநாள் கூப்பிட்டு இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடு. யாராவது வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

கிரேஸ் மலைப்பூண்டு கேட்டிருந்தாளே, வத்தலக்குண்டு வழியாக வருகிற என் மருமகனிடம் இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். தேதியை மாற்றினாயா என்று உடனே எழுது.

அன்புடன்,
ஜெயராஜ்