அப்பா கடனும் புதுப் புரோநோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இறந்துபோன அப்பாவின் கடனை மகன் கட்டியே ஆகவேண்டுமா என்று ஒரு வாசகர் சட்டக் கேள்வி பதில் பகுதியில் கேட்டிருந்தார். ‘வாரிசுகளே பொறுப்பு’ என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறவர்களை அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பொறுப்பு உண்டு. ஆனால் இறந்தவர் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ, அந்த மட்டுக்கும்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்வது இதுவே. ஐந்து லட்சம் கடன் வைத்தவர் இரண்டு லட்சம் பெறுகிற மனையை விட்டுப்போயிருந்தால், கடன் கொடுத்தவர் அந்த மனையோடு நிற்க வேண்டியதுதான். மகன் சம்பளத்திலோ மருமகள் நகையிலோ கைவைக்க முடியாது. மனையை விற்றுச் செலவழித்துவிட்டால் மட்டும், அந்த இரண்டு லட்சத்துக்கு மகன் சொந்தமாகப் பதில் சொல்லியாக வேண்டும். தகப்பன் கடனை அடைப்பது பிள்ளையின் தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போடவும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. அதற்கு முன் வாங்கிய கடன் என்றால் வேறு கணக்கு.

வினை வருவது வேறு பக்கத்திலிருந்து. கருமாதி முடிந்த கையோடு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புதுப் புரோநோட்டோடு ஒருவர் வந்து உட்காருவார். “ஒண்ணுமில்லை தம்பி, பழைய நோட்டு வழக்குப் போடுற மூணு வருஷக் கெடுவைத் தாண்டப் போகுது, சும்மா மாத்தி எழுதிக்கலாம்” என்பார். ஊர் வாய்க்குப் பயந்து பையனும் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதோடு அது அப்பா கடன் இல்லை, அவன் கடன். பணம் கைமாறவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவன் தலையில். கொடுத்தவர் பணமும் உழைத்த பணம்தான், மறுக்கவில்லை. அதற்கு அவர், இறந்துபோனவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது வழக்குப் போடட்டும்.

அப்பா உயிரோடிருந்தபோதே மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானமாக இருந்தாலும் வீடு தப்பாது. கடனைக் கட்டச் சொல்லி வங்கியிடமிருந்து 60 நாள் கெடு நோட்டீஸ் வந்தால் மூலையில் போடாமல் வக்கீலிடம் காட்ட வேண்டும். கடன் முற்றியபின் சொத்தை மனைவி பேருக்கு எழுதிவிட்டு மஞ்சள் நோட்டீஸ் (திவால் அறிவிப்பு) கொடுத்தால் போதும் என்று திண்ணையில் சொல்லித்தரும் மேதாவிகளும் உண்டு. கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதிய பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடப் பத்திரங்களைத் தோண்டியெடுக்க 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமே இடம் தருகிறது.

அந்த வாசகருக்கு விரிவான பதிலை வரும் வாரமே வெளியிடுங்கள். அவர் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்