வெற்றுப் போத்தலை யார் திருப்பி எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை எங்கள் வட்டைக்குத் தண்ணீர் திறந்தும் என் வயலுக்கு மட்டும் வரவில்லை. மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் மதகு வாய் முழுக்கப் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்கள் அடைத்துக் கிடந்தன. லேபல் உரிந்தது, மூடி இல்லாதது, அடியில் இன்னும் ஒரு மடக்கு மருந்து நிற்பது என்று எல்லா விதமும். பொறுக்கி ஓர் உரப்பையில் போட்டேன், 37 இருந்தது. அதில் நான் வாங்கி அடித்ததும் இருக்கும், ஒளிக்க என்ன இருக்கிறது.

ஒன்றைத் துடைத்து வாசித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நீர்நிலையில் போடக்கூடாதாம். சரி, போடவில்லை, அப்ப எங்கே போடுவது? எரித்தால் அந்தப் புகையில் நிற்க ஏலாது, புதைத்தால் அடுத்த உழவில் மிசின் கிளறி மேலே கொண்டுவந்துவிடும். பழைய இரும்பு, போத்தல் எடுக்க வரும் தம்பியிடம் நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு "அண்ணே, இது மட்டும் வேணாம்" என்று சைக்கிளை மிதித்துவிட்டார். வாங்கின கடையில் கேட்டதற்கு முதலாளி சிரித்தார், அவ்வளவுதான்.

பிரதேச சபை டிரக்டரில் ஏற்றிவிடலாம் என்பார்கள். அது குப்பை மேட்டுக்குத்தானே போகும்? நம்ம அம்பாறையில் பள்ளக்காட்டு மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருசத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும்.

நான் சின்னவனாக இருந்தபோது சோடா வாங்கப் போனால் வெறும் போத்தலையும் கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் காசு வைக்கச் சொல்வார்கள். அதனாலேயே வீட்டில் ஒரு போத்தலும் தெருவுக்குப் போகாது. கொம்பனி லொறி வந்து பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் வந்த பிறகு சாமான் அவர்களுடையது, குப்பை நம்முடையது என்று ஆகிவிட்டது, அதை நாமும் பேசாமல் ஏற்றுக்கொண்டோம்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. விவசாய இரசாயனங்களைப் பெட் (PET), பிவிசி (PVC) என்ற பிளாஸ்டிக் வகைப் போத்தல்களில் அடைக்கக்கூடாது என்று 2021 மார்ச் 31 முதல் தடை இருக்கிறது. எதில் அடைக்கக்கூடாது என்று சொன்னவர்கள், வெறுமையான பிறகு யார் எடுப்பது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

பிரேசிலில் 2000 ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பிறகு வந்த விதிகளும் இதைத்தான் செய்தன. மருந்து விற்கிறவர் போத்தலை எங்கே திருப்பிக் கொடுப்பது என்பதைப் பில்லிலேயே எழுத வேண்டும், விவசாயி மூன்று தரம் கழுவி ஒரு வருசத்துக்குள் அங்கே கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஏற்றிக்கொண்டு போய் மீள்சுழற்சி செய்வதோ அழிப்பதோ கொம்பனியின் பாடு. இப்போது அங்கே மருந்தை நேரடியாக அடைத்து விற்கும் பிளாஸ்டிக் போத்தல்களில் 100க்கு 90க்கு மேல் திரும்பி வருகின்றன. கழுவுவதும் பெரிய வேலை இல்லை. மருந்து கலக்கும்போதே கழுவி அந்தத் தண்ணீரையும் டாங்கியில் ஊற்றிவிட்டால் மருந்தும் வீணாகாது, இன்றைய விலைக்கு அந்த ஒரு மடக்கும் காசுதான்.

இங்கே புதிதாக ஒரு திணைக்களம் திறக்கவும் தேவையில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவாளரிடம் பதியாமல் ஒரு பீடைகொல்லியையும் இந்த நாட்டில் விற்க முடியாது. அந்தப் பதிவுக்கே "விற்ற போத்தலைத் திருப்பி எடுக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போடட்டும். கமநல நிலையத்தில் ஒரு மூலையில் சேர்த்து வைக்கலாம், போகத்துக்கு ஒரு தரம் கொம்பனி லொறி வந்தால் போதும்.

செலவை விலையில் ஏற்றிவிடுவார்கள் என்று எங்கள் கமக்கார அமைப்பிலேயே ஒருவர் சொன்னார். ஏற்றுவார்கள்தான். ஆனால் போத்தலுக்கென்று தனியாக ஒரு தொகையை வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது அதைக் கையில் தந்தால், வரம்பில் கிடக்கிற போத்தலைப் பொறுக்க ஊர்ப் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். பிறகு யோசித்தால் அது நஞ்சுப் போத்தல், பிள்ளைகள் தொடவே கூடாது. வாங்கினவரே பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் காசு என்று வைக்க வேண்டும்.

அந்த 37 போத்தலும் இப்போதும் வாடியில் உரப்பையில் கட்டித்தான் கிடக்கின்றன. எடுக்க ஆள் இருந்தால் நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குகிறேன்.

ஒரு வயற்காரன்,
ஆலையடிவேம்பு.