மூடியில்லாத தொட்டிகளும் நான்கு முட்டைகளும்

மதிப்பிற்குரிய ஏரிப் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மூன்று முறை மனு கொடுத்தும் பதில் வராததால், இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரையோரக் குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததைச் சொல்கிறேன். நடைபாதையிலிருந்து இருபது தப்படி தள்ளி, சரளைத் தரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை ஜோடி முட்டையிட்டிருந்தது. கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சின்னக் குழி, அதில் கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்தபடி நான்கு முட்டைகள். கல்லா முட்டையா என்று கிட்டப் போனாலும் தெரியாது. மூன்று வாரமாக இரண்டும் மாறி மாறி அடைகாத்தன.

சனிக்கிழமைக் கூட்டத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. ராத்திரி யாரும் அள்ளவில்லை. விடிந்ததும் அதைச் சுற்றி முப்பதுக்கு மேல் காகங்கள். கிளறித் தின்றவற்றில் இரண்டு அப்படியே தரையில் நடந்து சரளைப் பக்கம் போயின. ஆட்காட்டி அலறிக்கொண்டே பாய்ந்தது. ஒரு காகத்தை அது விரட்டும்போது மற்றது முட்டையைக் கவ்வியது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிடந்தது ஓர் ஓடு மட்டும். உள்ளே ஈரம்கூடக் காயவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் குஞ்சு பொரித்திருக்கும்.

காகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. முட்டை கிடைத்தால் அது தின்னத்தான் செய்யும். ஆனால் இரை குறையும் காலத்தில் காகங்களும் கலைந்து போக வேண்டும். தினமும் நாம் தொட்டி நிறைய வைத்தால் எப்படிக் கலையும்? கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் இதே கதைதான். முகாமிடுவோர் சிந்தும் உணவுக்காக ஸ்டெல்லர் ஜே பறவைகள் கூடின. அந்தக் காட்டு மரங்களில் பருவத்துக்கு ஒரே ஒரு முட்டையிடும் மார்பிள்ட் முர்ரெலெட் என்ற கடற்பறவையின் கூடுகளை அவை சூறையாடின. இப்போது அங்கே வருகிறவர்கள் ஒரு துணுக்கையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, உணவைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

இரக்கப்பட்டு ரொட்டி வீசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவைக்கு 2005-இல் தொண்டையை அடைக்கும் ஒட்டுண்ணி நோய் பரவத் தொடங்கியது. நோயுற்றதும் நலமானதும் ஒரே இடத்தில் வந்து தின்னும் உணவுத் தட்டுகள் அதற்கு வழியாயின. 2021-இல் அந்தப் பறவை அங்கே மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வெள்ளைச் செங்கால் நாரைகள் பல, குப்பைக் கிடங்கில் இரை கிடைப்பதால் ஆப்பிரிக்காவுக்கு வலசை போவதையே விட்டுவிட்டன. நாம் மிச்சம் வைத்துவிட்டுப் போவது ஒரு பறவையின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழுவது?

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். ‘உணவிடாதீர்’ என்று பலகை வைத்தீர்கள், நன்றி. பலகை தொட்டியை மூடாது. காகமும் நாயும் திறக்க முடியாத மூடி போட்டு, மாலையில் கூட்டம் கலைந்ததும் குப்பையை அள்ளச் சொல்லுங்கள். முட்டை போனால் ஆட்காட்டி பெரும்பாலும் மறுபடி இடும். அந்த ஜோடி இன்னும் சரளைப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்று காலையும் பார்த்தேன். அவை மறுபடி உட்காருவதற்குள் மூடி போட்டுவிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் ஏரிக்கரையில் நடக்கும் ஒருவர்