கதகதப்பும் ஒதுங்க இடமும்

அலங்காநல்லூர்

அன்புள்ள தாயிக்கு,

நீ வாங்கி வளர்க்கிற பாம்பின் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். விளக்கு வைத்தபிறகு அவள் பாம்பு என்று சொல்லமாட்டாளே, ‘அந்தப் பூச்சிய வீட்டுக்குள்ளயா வச்சிருக்கா?’ என்றாள். அப்புறம் ‘பால் பைத்தான்’ என்ற பேரைக் கேட்டுவிட்டு, தினம் எத்தனை டம்ளர் பால் வேண்டும் என்று கவலைப்பட்டாள். பந்துபோல் சுருள்வதால் வந்த இங்கிலீஷ் பேர், ‘பால்’ என்றால் பந்து, பாம்பு பால் குடிக்காது என்றேன். அப்படியானால் இத்தனை வருடம் புற்றில் ஊற்றியது யாருக்கு என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

நம்மூர்ப் பாம்பை இங்கே வளர்த்தால் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டொராண்டோவில் விசாரித்துத்தான் வாங்கினேன் என்கிறாய், சரி. ஆனால் அந்தக் கண்ணாடித் தொட்டியும், உள்ளே வைத்திருக்கிற மின்சாரச் சூட்டுக்கல்லும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாம்பைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்பாய். கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுத்தவன்தானே நான். நீ ஆறாவது படிக்கையில் ஒரு மார்கழியில், குளிருக்குப் பயந்து குஞ்சுகளைச் சுற்றி நிறுத்துகிற தகட்டு வளையத்தைச் சின்னதாகப் போட்டு, குண்டு பல்பைத் தாழ இறக்கிக் கட்டிவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் உமிமேல் குஞ்சுகள் அலகைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. தகட்டோரம் முழுக்க வரிசையாக. குளிரில் செத்திருந்தால் பல்புக்கடியில் குவியலாகக் கிடந்திருக்கும். விலகிப் போகப் பார்த்திருக்கின்றன, போக இடமில்லை. அந்த வரிசை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உன் பாம்புக்கும் அதே கணக்குதான். அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது; வேண்டும்போது சூட்டுக்கு வரும், போதுமென்றால் விலகும். அதனால் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். இரண்டு முனையிலும் உடம்பு ஒட்டி நுழைகிற அளவில் ஒரு பொந்து வை. ஆப்பிரிக்காவில் அது எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கிற சாதி. சூட்டுப் பக்கம் மட்டும் பொந்து இருந்தால், மறைவுக்காக வெந்துகொண்டே கிடக்கும்.

சூட்டுக்கல்லைத் தூக்கிப் போடு. வயிறு புண்ணாகும்வரை அதன்மேலேயே படுத்திருப்பதுண்டு. வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர் வாங்கி, கம்பிக்கூண்டு போட்டு மாட்டு. இல்லாவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளும். எந்த ஹீட்டரானாலும், சூடு ஏறினால் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதே. எனக்கு அன்றைக்கு இல்லாதது அதுதான்.

வலை மூடி போட்ட தொட்டியில் உங்கள் ஊர்க் குளிர்காலத்துக்குச் சூடும் நிற்காது, ஈரப்பதமும் நிற்காது. முன்பக்கம் திறக்கிற, பூட்டுப் போட்ட பிவிசி பெட்டி வாங்கு. மேலேயிருந்து கை இறங்கினால் குஞ்சுக்குப் பருந்து வந்த மாதிரி மிரளும்.

இரை தின்றால் இரண்டு நாள் தொடாதே. சூடு பற்றாவிட்டால் செரிக்காமல் கக்கிவிடும்.

பாம்பு வாலைக் கவ்வி எல்லை காட்டிய ஊர் மதுரை என்பார்கள். இப்போது என் மகள் பாம்புக்கு எல்லை கட்டுகிறாள்!

இரண்டு முனையிலும் வெப்பமானி வைத்து, காலையும் ராத்திரியும் பார்த்து எழுதி அனுப்பு. குஞ்சுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா