பற்றரியை மாற்றுமுன் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டார்ட் ஆகாத என் மொறிஸ் மைனருக்கு உடனே புதுப் பற்றரி வாங்கச் சொன்னார்கள் ஒரு கராஜில். பற்றரியில் 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ் இருந்தது. ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை. எஞ்சினையும் காரின் பொடியையும் (இரும்பு உடலையும்) இணைத்து, ஸ்டார்ட்டரின் கரண்ட் பற்றரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டி கடல் உப்புக்காற்றில் பச்சை பிடித்துப் போயிருந்தது! அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசியதும் கார் எடுத்துவிட்டது. உப்புவெளிப் பக்கம் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், இன்னொன்று. 1948இல் வந்த இந்த மொறிஸ் மைனர் வகையில் பொடியோடு சேர்வது பற்றரியின் பிளஸ் முனை. இன்றைய கார்களில் மைனஸ். இது தெரியாத இளம் மெக்கானிக் பாஸ்மார் வேறு காரிலிருந்து கரண்ட் கொடுக்கும்போது சிவப்பு வயரைப் பிளஸிலும் கறுப்பைப் பொடியிலும் மாட்டினால், இரண்டும் ஒரே பிளஸில் சேர்ந்து நேரே ஷோர்ட்தான். பற்றரி வெடிக்கவும் கூடும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.